கண்ணாடி அறையும் சூடான தரையும்

"தரையைச் சூடாக்கி அதன் மேல் உட்காருவார்களா?" என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே! மே மாதத்தில் நம்ம மொட்டை மாடி சும்மாவே செய்கிற வேலையை இங்கிலாந்தில் காசு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். அங்கே வீட்டின் பின்சுவரை ஒட்டி, மூன்று பக்கமும் கூரையும் கண்ணாடியாக ஓர் அறை கட்டுவார்கள். அதற்குக் 'கன்சர்வேட்டரி' என்று பெயர். ஏப்ரலில் இதமாக இருக்கும். டிசம்பரில் உட்கார முடியாது. அதனால்தான் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் போடலாமா என்ற யோசனை வருகிறது. தாராளமாகப் போடலாம். ஆனால் அது மட்டும் போதுமா? இதைக் குழாய் விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை. நம்ம ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தைத்தான் கேட்கணும்.

யோசனை ஒன்றும் புதுசு இல்லை. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 1844-இல் தொடங்கி 1848-இல் முடித்த 'பாம் ஹவுஸ்' முழுக்க இரும்பும் கண்ணாடியும்தான். வெப்ப நாட்டுப் பனை வகைகளைக் காப்பாற்ற, கட்டடத்துக்கு அடியில் பாய்லர்களை வைத்து, தரையில் இரும்புக் கிராதி போட்டு, அதன் கீழே வெந்நீர்க் குழாய்களை ஓட்டினார்கள். புகையைச் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய்த் தள்ளி நின்ற ஒரு கோபுரத்தின் வழியே விட்டார்கள். புகைபோக்கியைக்கூட அழகான கோபுரமாகக் கட்டத் தோன்றியிருக்கிறது பாருங்கள்! நிலக்கரியும் அதே சுரங்கம் வழியாகத்தான் வந்தது. அரசாங்கத் தோட்டம், எரித்தார்கள். சாதாரணக் குடும்பம் என்ன செய்யும்?

கணக்கைப் பார்ப்போம். கால் வைக்கிற தரையை 29 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. அறை 20 டிகிரி என்றால் வித்தியாசம் 9 டிகிரிதான். அந்த வித்தியாசத்தில் ஒரு சதுர மீட்டர் தரை சுமார் 100 வாட் கொடுக்கும். குழாயில் எவ்வளவு சூடான தண்ணீர் விட்டாலும் இந்த வரம்பு மாறாது. 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறையில் தரை 12 சதுர மீட்டர். கிடைப்பது 1,200 வாட். சோபாவும் கம்பளமும் போட்டால் அதுவும் குறையும்.

இப்போது செலவுப் பக்கம். அதே அறைக்குச் சுவரும் கூரையுமாகக் கண்ணாடி சுமார் 34 சதுர மீட்டர் வரும். வெளியே 0 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். யூ, பரப்பு, வெப்பநிலை வித்தியாசம் மூன்றையும் பெருக்க வேண்டியதுதான். ஒற்றைக் கண்ணாடிக்கு யூ மதிப்பு 5.7, இழப்பு 3,876 வாட். பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8, 1,904 வாட். உட்புறம் மெல்லிய உலோகப் பூச்சும் நடுவில் ஆர்கான் வாயுவும் உள்ள புது ரகத்துக்கு 1.2, வெறும் 816 வாட். சந்து பொந்து வழியாகக் காற்றோடு போகிறதுக்கு இன்னொரு 200 வாட் சேருங்கள்.

ஆகப் பழைய இரட்டைக் கண்ணாடி அறைக்கு 2,100 வாட் தேவை, தரை தருவதோ 1,200. எத்தனை மீட்டர் குழாய் புதைத்தாலும் பாக்கி 900 வாட்டுக்குத் தனி ஹீட்டர் வைத்தாகணும். கண்ணாடியை மாற்றினால் அதே தரை சமாளித்துவிடும். இன்னொன்றும் யோசியுங்கள். மின்கம்பி விரிப்பும் மின்சார ஹீட்டரும் வைத்து 2,100 வாட்டையும் கரண்டிலேயே எடுத்தால், பத்து மணி நேரத்துக்கு 21 யூனிட். எங்க வீட்டுக்கு அது பத்து நாள் கரண்ட்!

எங்க அப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். இந்தக் கணக்கை அவருக்குச் சொன்னபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா, சூடு மேலதான் வரணும்னு அதுக்கு யாரு சொன்னா? மண்ணுக்குள்ள இறங்காதா?" இறங்கும். அதனால்தான் குழாய்க்குக் கீழே சுமார் 100 மில்லிமீட்டர் கனத்துக்கு வெப்பம் கடத்தாத நுரைப் பலகை பரப்புகிறார்கள். சுவரோரம் நிற்கவைத்தும் ஒரு பட்டை ஒட்டுவார்கள். அதன் மேல் குழாய், குழாய்க்கு மேல் மணல் சிமெண்ட் கலவைத் தளம். தளம் போட்டு 21 நாளாவது ஆன பிறகுதான் வெந்நீர் விடணும், முதல் மூன்று நாள் லேசான சூட்டில். "அது சரி, பச்சைத் தளத்தைச் சுட்டா வெடிக்கும்" என்றார்.

கனமான தளத்தில் ஒரு சங்கடமும் உண்டு. காலையில் குளிர் என்று போட்டால் சூடாகவே சில மணி நேரம் ஆகும். அதற்குள் வெயில் வந்து கண்ணாடி அறை தானாகவே காய்ந்துவிடும். நிறுத்தினாலும் தளம் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். எப்போதாவது உட்காருகிற அறைக்குத் தரையோட்டுக்கு அடியில் விரிக்கிற மெல்லிய மின்கம்பி விரிப்பே தேவலை என்பது என் அபிப்பிராயம். தினமும் புழங்கினால் வெந்நீர்க் குழாய்.

எதைப் போட்டாலும் அறைக்குத் தனி தெர்மோஸ்டாட் வேண்டும். வீட்டுக்கும் அதற்கும் நடுவே வெளிவாசலுக்குப் போடுகிற தரமான கதவு வேண்டும். இங்கிலாந்தில் 30 சதுர மீட்டருக்கு உட்பட்ட தரைமட்டக் கன்சர்வேட்டரிக்குக் கட்டட விதிகளில் சலுகை தருவதே, கதவு இருக்கிறதா, சூட்டுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான். தரை சூடாகிவிட்டதே என்று அந்தக் கதவைக் கழற்றினால் சலுகையும் போகும், வீட்டுச் சூடு முழுக்கக் கண்ணாடி வழியே வெளியே போகும்.