உங்களுக்குத் தெரியுமா? ஓடும் சர்வரிலேயே உறுப்பு மாற்றலாம்!

ஹைதராபாத் ஐ.ஐ.டி.யில் தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட ‘பரம் சேவா’ மீக்கணினியின் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது, நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள்!

● இது ஒற்றை இயந்திரம் அல்ல. அதிவேக வலையால் இணைந்த பல சர்வர்களின் கூட்டம். இந்த அமைப்பே ‘கிளஸ்டர்’. அதிலுள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு ‘நோடு’.

● ஒரு நோடு பழுதானால், அதை மட்டும் ஒதுக்கிவிட்டு, காத்திருக்கும் வேலைகளை மற்ற நோடுகளுக்குக் கொடுக்கலாம்.

● சர்வர் இருக்கும் இடத்திலேயே கழற்றி மாற்றக்கூடிய உறுப்புக்கு ‘எஃப்.ஆர்.யூ.’ என்று பெயர்.

● பல சர்வர்களில் பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க் ஆகியவை உபரியாக இருக்கும். ஒன்று கெட்டால், சர்வரை அணைக்காமலே மாற்றலாம். இதுவே ‘ஹாட் ஸ்வாப்’. நாள்கணக்கில் ஓடும் ஆய்வுகள் பாதியில் நிற்காமல் இருக்க இந்த வசதி பெரிதும் உதவுகிறது.