கணனிக் கருவும் கோவை இலக்கமும்

கொழும்புப் புதுக்கடை என்றதும் நீதிமன்றங்களும் வழக்கேடுகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஒரு வழக்கேட்டைப் பார்க்க விரும்பும் சட்டத்தரணி பதிவறையினுட் புகுந்து இறாக்கைகளைத் துழாவுவதில்லை. வழக்கிலக்கத்தைக் கூற, இலிகிதர் எடுத்துத் தருவர். கணனியினுள்ளும் இத்தகைய ஒழுங்கே நிலவுகின்றது. செய்நிரல் எதுவும் கோவையை நேரே தொடுவதில்லை. பணிசெயல் முறைமையின் உட்பகுதியாகிய கரு, கோவையைத் திறந்து ஓர் இலக்கத்தை மட்டும் அதற்கு வழங்கும். யுனிக்ஸ் மரபில் 0 உள்ளீட்டுக்கும், 1 வெளியீட்டுக்கும், 2 வழு அறிவித்தலுக்கும் உரியன. பின்னர்த் திறக்கப்படும் கோவைக்கு, வெறுமையாயுள்ளவற்றுள் மிகச் சிறிய இலக்கம் கிடைக்கும்.

இலக்கத்தைச் செய்நிரலின் நினைவகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியவிடத்துப் படிகள் நான்கு. முதலாவது, இலக்கத்தை ஒதுக்குதல். இரண்டாவது, கோவைப் பொருளை ஆக்குதல். மூன்றாவது, இலக்கத்தை அந்நினைவகத்தில் எழுதுதல். நான்காவது, கருவின் அட்டவணையில் அவ்விலக்கத்துக்கு நேரே கோவையைப் பதிதல். மூன்றாம் படிவரை யாது தவறினும், இலக்கத்தை விடுவித்துப் பொருளையும் அழித்துவிடலாம். நான்காம் படி முடிந்தபின் மீட்சி இல்லை. அச்செய்நிரலின் வேறோர் இழை, அடுத்த இலக்கம் யாதென ஊகித்து, அக்கணமே அதனைப் பயன்படுத்தலாம், மூடியும் விடலாம். பதியப்பட்ட கோவை, கருவின் அப்பகுதி தன் விருப்பப்படி மீளப்பெறக் கூடியதன்று.

இவ்வரிசை பிறழ்ந்தால் விளையுங் கேட்டினை லினக்ஸ் உலகம் 2022 ஜனவரியிற் கண்டது. விஎம்வேர் மெய்நிகர் இயந்திரங்களுக்கான வரைகலைச் செலுத்தி, கோவையை முன்னரே பதிந்துவிட்டு, அதன்பின் இலக்கத்தை எழுத முயன்றது. எழுதுதல் தவறியபோது இலக்கத்தை விடுவித்துப் பொருளையும் அழித்தது. அட்டவணையிலிருந்த சுட்டியோ அழியாது நின்றது. வழக்கேடு அகற்றப்பட்ட தட்டில் இன்னொருவருடைய வழக்கேட்டை வைத்த பின்னரும், பழைய இலக்கத்தைக் கூறுபவருக்கு அத்தட்டிலுள்ளதையே எடுத்துக் கொடுத்தால் என்னாகும்? அவ்வாறே, விடப்பட்ட நினைவகத்தில் வேறொரு செய்நிரல் திறந்த கோவை வந்தமரும்போது, உரிமையற்ற பயனர் அதனை அடைய வழி பிறந்தது. 2017 இல் வெளிவந்த 4.14 ஆம் பதிப்பு முதல் இக்குறை மறைந்து கிடந்தது. திருத்தமோ எளிது: எழுதுதல் வெற்றி பெற்ற பின்னரே பதிதல்.

மனிதர் விழிப்பை மட்டும் நம்பியிருத்தல் போதாதென்று, 2023 முதல் கருவின் மூலநிரலில் தன்னியக்கத் துப்புரவு வசதியும் இடம்பெற்றுள்ளது. அதனைக் கையாண்டால், செயற்கூறு இடைநடுவில் முறிந்தாலும் ஒதுக்கிய இலக்கம் தானே விடுபடும். ஆயினும், எப்போது பதிவது என்பதைத் தீர்மானிப்பவர் நிரல் எழுதுபவரே.

கணனித்துறை புகும் நம் மாணவர் மனங்கொள்ள வேண்டியது இதுவே: தவறக்கூடியவற்றையெல்லாம் முன்னர் முடித்து, மீட்க முடியாததை இறுதியிற் செய்க. இவ்வரிசையின் பயன், நாம் முகமறியாத ஒருவருடைய அந்தரங்கக் கோவை அவருக்கே உரியதாய் நிற்றலாகும்.