வெள்ளம் வருமுன் அணை: குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் எதற்கு?



மூல வைகை நம்மூர் ஆறு. வருசநாட்டு மலையில் பிறந்து கடமலைக்குண்டு வழியாக இறங்குகிறது. ஆண்டில் பல மாதம் மணல்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் ஒரு ராத்திரி கொட்டினால், விடியும்போது தரைப்பாலத்தை மூடிக்கொண்டு ஓடும். தோட்டத்து மண்ணை அரிக்கும், மாட்டைக் கொண்டு போகும். சில சமயம் மனிதரையும் கொண்டு போகும்.

"கவர்மெண்டுதான் பணம் குடுக்குதே, நாம எதுக்குக் கட்டணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இயற்கைச் சீற்றத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு நிவாரணமாக 4 லட்சம் ரூபாய் தருகிறது, உண்மைதான். ஆனால் நிவாரணம் அரசு பார்த்துக் கொடுக்கும் உதவி. இன்சூரன்ஸ் நாம் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய உரிமை. ஒன்று கிடைத்ததற்காக மற்றதை மறுக்க மாட்டார்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பிள்ளை போல வளர்த்த தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. தென்னைக்கு அப்போதே காப்பீட்டுத் திட்டம் இருந்தது. அதில் சேர்ந்திருந்தவர்கள் மிகச் சிலர்.

முதலில் உயிருக்குப் பாதுகாப்பு. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர் ஆண்டுக்கு 20 ரூபாயில் 'சுரக்ஷா பீமா' விபத்துக் காப்பீட்டில் சேரலாம். ஒரு டீ, ஒரு வடைக் காசு! விபத்தில் இறந்தால் 2 லட்சம். வெள்ளம், மண்சரிவில் நேரும் சாவும் இதில் அடங்கும். 18 முதல் 50 வயதுள்ளவர் 436 ரூபாயில் 'ஜீவன் ஜோதி பீமா'வில் சேர்ந்தால், நோயில் இறந்தாலும் 2 லட்சம் உண்டு. மே மாதக் கடைசியில் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் இரண்டுமே நின்றுபோகும்.

"ஏங்க, உங்க பேருல மட்டும் கட்டினா போதுமா?"

"நாந்தானே சம்பாதிக்கிறேன்?"

"இலவங்காய் பொறுக்கப் போறது யாரு? மாட்டைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தைத் தாண்டுறது யாரு?"

அந்த அம்மாள் கேட்டது நியாயம். இருவரும் தனித்தனியே சேர வேண்டும். நாமினி பெயரையும் இன்றே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் இன்னும் அப்பா பெயரே இருக்கும்.

பயிர்க் காப்பீடு சற்றுச் சிக்கலானது. உங்கள் பிர்க்காவுக்கு அந்தப் பருவத்தில் அறிவித்த பயிருக்குத்தான் உண்டு. வாழை, பருத்தி போன்றவற்றுக்கு விவசாயி பங்கு, காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் பொதுச் சேவை மையத்திலும் அடங்கலைக் காட்டிக் கட்டலாம். இழப்பீட்டைப் பெரும்பாலும் வட்டார விளைச்சலை வைத்துக் கணக்கிடுவார்கள். அதனால்தான் தன் தோட்டம் அழிந்தும் பணம் வராதவர்களின் கோபம். கல்மழை, மண்சரிவில் தனித் தோட்டம் பாதித்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

பட்டா இல்லாத நிலத்தில் பாடுபடுவோர் நம் பக்கம் ஏராளம். அவர்களுக்கு இந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. அது ஒரு பெரிய குறைதான். ஆனால் உயிருக்கும் மாட்டுக்கும் எடுக்கப் பட்டா தேவையில்லை. மாட்டின் காதுவில்லை விழுந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லி வேறு போடுங்கள். வில்லை இல்லாமல் பணம் கேட்பது வீண் அலைச்சல்.

கம்பெனிக்காரர் வந்துதான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. கடமலை வட்டாரக் களஞ்சியப் பெண்கள் 2000ஆம் ஆண்டிலேயே தங்களுக்குள் பணம் திரட்டி, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பரஸ்பரக் காப்பீடு தொடங்கினார்கள். யாருக்கு நிஜமாகவே உடம்புக்கு முடியவில்லை என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாதா? பொய்க் கணக்கு எடுபடாது. ஆனால் வெள்ளத்தில் ஊரே நனைந்தால் ஊர்ப் பணம் போதாது. அதற்கு வெளியிலும் கட்டியிருக்க வேண்டும்.

ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், கட்டிய ரசீது எல்லாவற்றையும் பாலிதீன் பையில் சுற்றி, ஒரே இடத்தில் உயரமாக வையுங்கள். வீட்டில் நாள் நெருங்கிய கர்ப்பிணி இருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடைமழை தொடங்குமுன்பே ஆஸ்பத்திரிப் பக்கமுள்ள உறவினர் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள். தரைப்பாலம் முழுகிவிட்டால் 108 வண்டியும் அக்கரையில்தான் நிற்கும்.