ஓட்டை பெரிதாகுமா, சிறிதாகுமா?

நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட ஓர் உலோகத் தகடு. அதைச் சீராகச் சூடாக்கினால் ஓட்டை பெரிதாகுமா, சிறிதாகுமா, அப்படியே இருக்குமா? ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் தம் உரைகளில் கேட்கும் கேள்வி இது. உலோகம் விரிந்து ஓட்டைக்குள் புகுந்துவிடும் என்று பலருக்குத் தோன்றும். உண்மையில் ஓட்டையும் சேர்ந்தே பெரிதாகும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டும் ஆசாரிக்கு இது தெரிந்த சங்கதிதான்.

மஸூர் விடையை உடனே சொல்வதில்லை. முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து, கையிலுள்ள கருவியில் விடையை அழுத்த வேண்டும். பிறகு, வேறு விடை சொன்ன பக்கத்து ஆளிடம் வாதாட வேண்டும். அதன்பின் மறுபடி ஓட்டு. அரங்கம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும்.

இந்த முறை பிறந்தது ஓர் அதிர்ச்சியில். மஸூரின் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டார்கள். அவருக்கு நல்ல ஆசிரியர் என்ற பெயரும் இருந்தது. ஒரு கனரக லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற எளிய கேள்விகளைக் கொடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. விசை இரண்டுக்கும் சமம். நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே இதில் சறுக்கினார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டாராம். அப்படி ஒரு கேள்வியை எளிதில் மறக்க முடியாது.

ஒரு வகுப்பில் எவ்வளவு விளக்கியும் புரியாத முகங்களையே கண்ட மஸூர், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். சில நிமிடங்களில் விஷயம் விளங்கிவிட்டது. 1991 முதல் அதையே முறையாக்கினார். அப்போதுதான் புரிந்துகொண்ட மாணவருக்கு, பக்கத்தில் இருப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்பது நன்றாகத் தெரியும். பல வருடம் பாடம் நடத்தியவருக்கு அந்தத் தடுமாற்றமே மறந்து போயிருக்கும்.

விவரம் தெரிந்தவன் சொன்னதை மற்றவர்கள் காப்பியடித்தால்? நியாயமான சந்தேகம். கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். விவாதம் முடிந்தபின், அதே கருத்தை வேறு வடிவில் கேட்கும் இன்னொரு கேள்வியைத் தனியாகச் செய்யச் சொன்னார்கள். தேர்ச்சி கூடியிருந்தது. முதலில் சரியான விடை யாருக்குமே தெரியாத குழுக்களிலும் முன்னேற்றம் தென்பட்டது.

இதில் கருவியின் வேலை சின்னது: யார் எதை அழுத்தினார் என்று சக மாணவர்களுக்குத் தெரியாமல், வகுப்பின் நிலவரத்தை ஆசிரியருக்குக் காட்டுவது. கையைத் தூக்கச் சொன்னால் பாதிப்பேர் முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். ஆனால் கருவியாலும் காரியம் கெடலாம். முதல் ஓட்டின் வரைபடத்தைத் திரையில் போட்டுவிட்டால், கூட்டம் அதிகமுள்ள விடைப் பக்கம் பலர் சாய்ந்துவிடுகிறார்கள். சரியான விடைக்கு மட்டுமே மார்க் என்றாலும் கெட்டது. வானியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வில், மார்க் கெடுபிடி இருந்த இடத்தில் கெட்டிக்கார மாணவர் மட்டும் பேச, மற்றவர் தலையாட்டுவது அதிகமாக இருந்தது.

மாணவர் கையில் கருவியே இல்லாமலும் இது நடக்கும். ‘பிளிக்கர்ஸ்’ என்ற செயலிக்கு, கட்டம் கட்டமாக அச்சிட்ட காகித அட்டைகள் போதும். அட்டையை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ஆசிரியர் தம் கைபேசியை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் எல்லாம் பதிவாகிவிடும். ஒவ்வொருவர் அட்டையும் வேறு வடிவம் என்பதால், பக்கத்து அட்டையைப் பார்த்து அதேபோல் பிடித்தாலும் பலன் கிடைக்காது.

கஷ்டமெல்லாம் கேள்வி தயாரிப்பதில்தான். முதல் சுற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை சரியாகச் சொல்லும் கேள்வியில்தான் விவாதம் சூடுபிடிக்கும். அதற்கும் குறைந்தால் பாடத்தை மறுபடி நடத்த வேண்டியதுதான். கூடினால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.