காற்றில் ஒளி இழை: மிகக்குறுகிய லேசர் துடிப்புகள் வாயுக்களில் நிகழ்த்துவது என்ன?

மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் வலிய லேசர் துடிப்பு ஒன்று காற்றின் வழியே செல்லும்போது, விரிந்து பரவாமல் தலைமுடி அளவுக்கு மெல்லிய இழையாகச் சுருங்கி நெடுந்தூரம் செல்வதுண்டு. இதற்கு ஒளி இழையாக்கம் என்று பெயர். சாதாரண ஒளிக்குக் காற்று வெறும் வழி மட்டுமே. இத்தகைய துடிப்புக்கோ அதே காற்று முதலில் குவிவில்லையாகவும், பின்னர் மின்கடத்தும் பிளாஸ்மாவாகவும் ஆகிவிடுகிறது. இவ்விரு விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான் இழை நிலைக்கிறது. மின்னலை நாம் விரும்பும் வழியில் இறக்க முடியுமா என்ற ஆய்வுக்கும் இதுவே அடிப்படை.

துடிப்பின் அளவும் திறனும்

ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மேலும் நூறு கோடி பங்காக்கினால் கிடைப்பது 1 ஃபெம்டோநொடி. 100 ஃபெம்டோநொடியில் ஒளி செல்லும் தூரம் 0.03 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே அத்தகைய துடிப்பு, அப்பளத்தைவிட மிக மெல்லிய ஓர் ஒளித்தட்டாகப் பறக்கிறது எனலாம்.

அதில் 5 மில்லிஜூல் ஆற்றல் இருப்பதாகக் கொள்வோம். 5 கிராம் எடையுள்ள பொருளைச் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்த்தவே அது போதும். ஆனால் திறன் என்பது ஆற்றலை நேரத்தால் வகுத்துக் கிடைப்பது. 5 மில்லிஜூலை 100 ஃபெம்டோநொடியால் வகுத்தால் 50 கிகாவாட் வருகிறது. கூடங்குளத்தின் முதல் இரண்டு அணுஉலைகளின் மொத்த மின்திறன் 2 கிகாவாட். அதைப்போல் 25 மடங்கு திறன், கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல கோடி மடங்கு குறுகிய பொழுதில் வெளிப்படுகிறது.

இவ்வளவு திறனை நேரடியாகப் பெருக்கினால் பெருக்கும் படிகமே சேதமடையும். எனவே துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, பிறகு சுருக்கும் முறையை 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார்ட் முரூவும் உருவாக்கினர். இதற்காக 2018-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர்.

முதல் கட்டம்: காற்றே வில்லையாதல்

காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.0003. ஒளியின் செறிவு மிகும்போது இந்த எண் மிகச் சிறிதளவு கூடுகிறது. இது கெர் விளைவு எனப்படும். லேசர்க் கற்றையின் நடுப்பகுதியில் செறிவு அதிகம். எனவே அங்கே ஒளி சற்றுத் தாமதமாகச் செல்கிறது, ஓரங்கள் முந்துகின்றன. நடுவில் தடித்த குவிவில்லை செய்யும் வேலையும் இதுவே. விளைவாகக் கற்றை தானே குவிகிறது. 800 நானோமீட்டர் அலைநீள ஒளிக்குக் காற்றில் இது நிகழச் சில கிகாவாட் திறன் தேவை.

இதில் மூலக்கூறுகளுக்கும் பங்குண்டு. நைட்ரஜனும் ஆக்சிஜனும் இரு அணுக்கள் இணைந்த மூலக்கூறுகள். ஒளியின் மின்புலம் அவற்றைத் தன் திசைக்குத் திருப்ப முயல்கிறது. திரும்பச் சிறிது நேரம் ஆவதால், விளைவின் ஒரு பகுதி தாமதித்தே வருகிறது. ஒளிக்கும் மூலக்கூற்று அசைவுக்கும் இடையிலான இவ்வகை உறவைத்தான், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் கண்டறிந்தார். அவரிடம் லேசர் இல்லை. சூரிய ஒளியும் பாதரச விளக்கும்தான் இருந்தன.

இரண்டாம் கட்டம்: காற்று அயனியாதல்

குவிதல் தொடர்ந்தால் கற்றை ஒரு புள்ளியில் ஒடுங்கிவிட வேண்டும். அதைத் தடுப்பது அயனியாக்கம். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை அகற்ற 12.1 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும், நைட்ரஜனுக்கு 15.6. ஆனால் 800 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானில் இருப்பதோ 1.55 மட்டுமே. எனவே ஆக்சிஜனுக்கு 8, நைட்ரஜனுக்கு 11 ஃபோட்டான்கள் ஒரே வேளையில் உட்கவரப்பட வேண்டும். தனியொருவரால் அசைக்க முடியாத தேரை ஊரே கூடி இழுப்பது போன்றது இது. மிகச் செறிந்த ஒளியில்தான் இது நடக்கும்.

விடுபட்ட எலக்ட்ரான்கள் ஒளிவிலகல் எண்ணைக் குறைக்கின்றன. கற்றையின் நடுவில் இப்போது குழிவில்லை தோன்றுகிறது, ஒளி விரிகிறது. விரிந்தால் செறிவு குறையும்; மீண்டும் கெர் விளைவு மேலோங்கிக் குவிக்கும். இந்த இழுபறியின் சமநிலையே இழை. இழையின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதில் ஆயிரம் மூலக்கூறுகளில் ஒன்று என்ற அளவிலேதான் அயனியாகிறது. 1995-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, காற்றில் 20 மீட்டருக்கு மேல் இவ்வாறு ஒளி செல்வதைக் காட்டியது.

சாரல் குறுக்கிட்டால்?

குற்றாலத்தில் சாரல் விழும்போது சாதாரண லேசர்க் கதிரைப் பாய்ச்சினால், துளிகள் அதைச் சிதறடிக்கும். ஒளி இழையின் நடத்தை வேறு. ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் வரையுள்ள ஒற்றை நீர்த்துளி வழியை மறித்தாலும், துளியைத் தாண்டியதும் இழை மீண்டும் உருவாவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. காரணம், ஆற்றலின் பெரும்பகுதி இழைக்குள் இல்லை. அதைச் சூழ்ந்த மங்கிய ஒளிப்பரப்பில் இருக்கிறது. அங்கிருந்து ஒளி குவிந்து இழையைப் புதுப்பிக்கிறது. மழையும் மூடுபனியும் கலந்த வெளிக்காற்றில் இழையைப் பயன்படுத்தும் எண்ணத்துக்கு இது வலுவூட்டுகிறது.

மின்னலுக்கு வழி

இழையில் பிறந்த எலக்ட்ரான்கள் சில நானோநொடிகளில் மீண்டும் இணைந்துவிடும். ஆனால் சூடேறிய காற்று விரிந்து, அடர்த்தி குறைந்த ஒரு தடம் சில மில்லிநொடிகள் எஞ்சும். அடர்த்தி குறைந்த இடத்தில் எலக்ட்ரான் அடுத்த மோதலுக்கு முன் அதிகத் தொலைவு ஓடி, அதிக ஆற்றல் பெறும். எனவே மின்னிறக்கம் அத்தடத்தை எளிதில் பற்றும்.

சுவிட்சர்லாந்தில் சுமார் 2,500 மீட்டர் உயரமுள்ள சென்டிஸ் மலையில், 124 மீட்டர் கோபுரத்தின் அருகே 2021 கோடையில் இது சோதிக்கப்பட்டது. ஏறத்தாழ 1 பிக்கோநொடி நீளமுள்ள துடிப்புகள் நொடிக்கு 1,000 வீதம் வானில் செலுத்தப்பட்டன. ஜூலை 24 அன்று பதிவான ஒரு மின்னல், 50 மீட்டருக்கு மேல் லேசரின் பாதையிலேயே சென்றது. முடிவுகள் 2023 ஜனவரியில் வெளியாயின.

இந்தியாவில்

ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் காற்றில் ஒளி இழைகள் உருவாகும் விதம் ஆராயப்பட்டுள்ளது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. ரவீந்திர குமார், மிகச்செறிந்த லேசர் துடிப்புகள் உருவாக்கும் பிளாஸ்மாவை ஆராய்ந்து வருபவர். 2015-இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார்.

எல்லைகள்

சென்டிஸ் சோதனையில் லேசர் பணிபுரிந்தபோது கோபுரம் சந்தித்த மின்னல்கள் 4 மட்டுமே. அவை யாவும் கோபுரத்திலிருந்து மேல்நோக்கி எழுந்தவை. மேகத்திலிருந்து வயலில் நிற்பவர்மீது இறங்கும் மின்னலைத் திருப்பிவிட இதனால் இன்னும் இயலாது. கடைகளில் கிடைக்கும் லேசர் சுட்டிகளின் திறன் சில மில்லிவாட்தான். அவை காற்றை அயனியாக்குவதில்லை. ஆதலால் 1752-இல் பெஞ்சமின் பிராங்கிளின் காட்டிய வழியில் வந்த இடிதாங்கியே கட்டடங்களுக்கு இன்றும் காவல். திறந்தவெளியில் இருப்பவர்கள் இடியோசை கேட்டதும் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்வதே பாதுகாப்பு.