பிறப்பு நினைவுத் துப்பாக்கி

பிறப்பு நினைவுத் துப்பாக்கி என்பது குழந்தை ஒன்று பிறந்ததன் நினைவாகப் பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ, நெருங்கிய உறவினரோ வாங்கி, அக்குழந்தை உரிய வயதை அடைந்தபின் அதனிடம் ஒப்படைக்கும் நோக்குடன் காத்துவரும் துப்பாக்கியைக் குறிக்கும். இவ்வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில், குறிப்பாக வேட்டை குடும்பப் பழக்கமாக இருந்துவரும் ஊர்ப்புறங்களில் காணப்படுகிறது. வாங்கும் நாளுக்கும் ஒப்படைக்கும் நாளுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் கழிகின்றன. எனவே சாதாரணமாக வேட்டைக்குத் துப்பாக்கி வாங்குபவர் எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத சில கேள்விகள் இதில் எழுகின்றன. அத்தனை காலத்திற்குப் பின்னும் அதற்குத் தோட்டா கிடைக்குமா, மரமும் இரும்பும் கெடாமல் இருக்குமா, அதுவரை சட்டப்படி அது யாருடையது, குழந்தை வளரும் அதே வீட்டில் அதை எவ்வாறு வைத்திருப்பது என்பன அவற்றுள் முதன்மையானவை.

தேர்வு

பொதுவாக மூன்று வகைத் துப்பாக்கிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன: குடும்பத்தில் ஏற்கெனவே உள்ள பழைய துப்பாக்கி, குழந்தை பிறந்த ஆண்டில் உருவாக்கப்பட்ட துப்பாக்கி, நிறுவனங்கள் வெளியிடும் நினைவுப் பதிப்பு. இவற்றுள் நினைவுப் பதிப்பே வாங்குவோரை எளிதில் கவர்வதும் பெரும்பாலும் ஏமாற்றம் தருவதும் ஆகும். வின்செஸ்டர் நிறுவனம் 1960களிலிருந்து தனது 94 வகை ரைபிளில் பல நினைவுப் பதிப்புகளை வெளியிட்டது. அவை பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டதாலும், வாங்கியவர்கள் எல்லோரும் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்ததாலும், எதிர்பார்த்த அளவு விலை உயரவில்லை. மேலும் ஒருமுறை சுட்டாலே அவற்றின் மதிப்புக் குறைந்துவிடும். பயன்படுத்த முடியாத பொருளாகவே அது பிள்ளையின் கைக்கு வந்து சேர்கிறது.

குறிப்பிட்ட ஆண்டில் உருவானதைத் தேடுவோர் வரிசை எண்ணைக் கொண்டு ஆண்டைக் கணிக்கின்றனர். வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் வின்செஸ்டர் ஆலையின் பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து, கட்டணம் பெற்று விவரம் எழுதித் தருகிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894 வகை ரைபிள் எழுபது லட்சத்திற்கும் மேல் உருவாக்கப்பட்டது. 1964இல் செலவைக் குறைக்கத் தகட்டில் அழுத்திச் செய்த உறுப்புகள் அதில் சேர்க்கப்பட்டதால், அதற்கு முந்தையவையே சேகரிப்பாளரிடம் கூடுதல் மதிப்புப் பெறுகின்றன. 2006இல் நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டது. பின்னர் இவ்வகை சப்பானில் உருவாக்கப்படுகிறது.

தோட்டா கிடைப்பது இன்னொரு சிக்கல். 1887இல் அறிமுகமான .22 நெடுந்தோட்டா இன்றுவரை இடைவிடாமல் வழக்கில் உள்ளது. விலை குறைவு, பின்னுதைப்பும் குறைவு. இதனால் 1964 முதல் உருவாக்கப்படும் ரூகர் 10/22 போன்ற எளிய துப்பாக்கிகள், விலை உயர்ந்தவற்றைவிட இந்நோக்கத்திற்கு ஏற்றவையாக அமைகின்றன. மாறாக .25-20 போன்ற பழைய அளவுகளுக்குத் தோட்டா எளிதில் கிடைப்பதில்லை. சிறு குண்டுகளைச் சிதறிச் சுடும் ஷாட்கன்களில் சட்டமாற்றமும் குறுக்கிட்டுள்ளது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டு 1991 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. அதற்கு மாற்றான எஃகுக்குண்டு கடினமானது என்பதால், முனை இறுக்கமாகக் கடையப்பட்ட பழைய குழல்களைச் சேதப்படுத்தக்கூடும். பாட்டன் வாத்து வேட்டைக்கு வைத்திருந்த துப்பாக்கி பேரனின் வாத்து வேட்டைக்கு உதவாமல் போவது இதனால்தான். இரும்புப் பட்டைகளை முறுக்கி இணைத்துச் செய்த தமாஸ்கசுக் குழல்கள் இக்காலத் தோட்டாக்களின் அழுத்தத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது. அவற்றைச் சுவரில் மாட்டுவதே தக்கது.

சிறுவருக்கெனக் குறுகிய கட்டையுடன் விற்கப்படும் துப்பாக்கிகள் சில ஆண்டுகளிலேயே கைக்குப் பொருந்தாமல் போகின்றன. எனவே கட்டையை மட்டும் மாற்றக்கூடிய வகைகள் விரும்பப்படுகின்றன.

மரமும் இரும்பும்

பழைய துப்பாக்கி வாங்குவோர் கட்டையைக் கழற்றி உட்புறத்தைப் பார்ப்பது நல்லது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, பிரௌனிங் நிறுவனத்திற்குச் சென்ற வால்நட் மரத்தில் ஒரு பகுதி விரைந்து உலர்வதற்காக உப்பிலிடப்பட்டது. மரத்தில் தங்கிய உப்பு ஈரத்தை ஈர்த்து, கட்டை தொடும் இடமெல்லாம் இரும்பை அரித்தது. வெளியே பளபளப்பாகத் தோன்றும் துப்பாக்கியின் உள்ளே ஆழமான துரு இருக்கலாம். மெருகு இல்லாத உட்பகுதியில் வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலை ஒரு சொட்டு இட்டால், உப்பு இருப்பின் அது பால்போல் வெளுக்கும்.

நீண்டகாலம் வைத்திருக்கத் தோலுறை ஏற்றதன்று. தோலைப் பதப்படுத்திய பொருள்களும் அது ஈர்க்கும் ஈரமும் துருவை உண்டாக்கும். நுரைப்பஞ்சுப் பெட்டிகளிலும் இதே குறை உண்டு. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா, ஆண்டுக்கு ஓரிரு முறை எடுத்துத் துடைத்தல் ஆகியவை போதும்.

குழந்தையின் பெயரையும் பிறந்த நாளையும் உலோகத்தில் பொறிப்பது வழக்கம். ஆயினும் பழைய துப்பாக்கியில் பொறிப்பதும், மெருகைப் புதுப்பிப்பதும் சேகரிப்பு மதிப்பைக் குறைக்கும். கட்டையில் சிறு தகடு பதிப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும். வரிசை எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ கூட்டரசுக் குற்றமாகும்.

சட்டநிலை

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமம் பெற்ற வணிகர் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு ரைபிளோ ஷாட்கன்னோ விற்பதைத் தடுக்கிறது. 1994இல் இயற்றப்பட்ட விதி, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைச் சில விலக்குகளுடன் தடைசெய்தது. அவ்விலக்குகளுள் ஒன்று இவ்வழக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. மரபுரிமையாகக் கைத்துப்பாக்கியின் உரிமை சிறுவருக்குச் செல்லலாம், ஆனால் பொருள் அவர் கைக்குச் செல்லக்கூடாது. நடைமுறையில் குழந்தை வளரும்வரை துப்பாக்கி வாங்கியவருடையதாகவே இருக்கும்.

பாட்டனும் பேரனும் வெவ்வேறு மாநிலங்களில் வாழும்போது, துப்பாக்கியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட முடியாது. உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே அது கைமாற வேண்டும். இறந்தவர் எழுதிவைத்த உயிலின்படி வருவதற்கு இக்கட்டுப்பாடு இல்லை. தம் சொந்தப் பணத்தில் வாங்கிப் பரிசளிப்பது குற்றமன்று. மற்றொருவர் கொடுத்த பணத்தில் அவருக்காக வாங்கி, தாமே உண்மையில் வாங்குபவர் என்று படிவத்தில் எழுதுவது, அந்த மற்றவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உடையவராக இருப்பினும் குற்றமே என உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு ஒருவர் தம் உறவினருக்குத் துப்பாக்கி வாங்கித் தந்ததைப் பற்றியது.

மாநிலச் சட்டங்கள் பெரிதும் வேறுபடுகின்றன. இல்லினாய் மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருக்க அடையாள அட்டை தேவை. அதற்குக் குறைந்தபட்ச வயது வரையறுக்கப்படவில்லை. 2007இல் பாட்டனார் நினைவுப் பரிசாக வாங்கிய ஷாட்கன்னுக்காக, பத்து மாதக் குழந்தை ஒன்றின் பெயரில் தந்தை விண்ணப்பித்தார். அட்டையும் வழங்கப்பட்டது. அதில் குழந்தையின் நிழற்படமும், உயரம் 2 அடி 3 அங்குலம் என்ற குறிப்பும், கையொப்பத்திற்குப் பதில் ஒரு கிறுக்கலும் இருந்தன.

பாதுகாப்பு

இவ்வழக்கத்தின் மீதான முதன்மையான எதிர்ப்பு பாதுகாப்புப் பற்றியது. ஐக்கிய அமெரிக்காவில் 1 முதல் 19 வயதுக்குட்பட்டோரின் இறப்புக்குக் காரணமானவற்றுள், 2020இல் துப்பாக்கி வாகன விபத்தை விஞ்சி முதலிடம் பெற்றது. 2013 ஏப்பிரலில் கென்டக்கி மாநிலத்தில், தனக்குப் பரிசாகத் தரப்பட்ட சிறு .22 ரைபிளைக் கையாண்ட ஐந்து வயதுச் சிறுவனால் அவனுடைய இரண்டு வயதுத் தங்கை சுடப்பட்டு இறந்தாள். துப்பாக்கி வீட்டின் மூலையில் சாத்திவைக்கப்பட்டிருந்தது. உள்ளே தோட்டா எஞ்சியிருந்ததைப் பெற்றோர் அறிந்திருக்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று நான்கு மாணவர்களைக் கொன்ற கைத்துப்பாக்கி, பதினைந்து வயது மகனுக்கெனச் சில நாள்களுக்கு முன் தந்தை வாங்கியதாகும். பெற்றோர் இருவரும் 2024இல் தண்டிக்கப்பட்டனர்.

அமெரிக்கக் குழந்தைமருத்துவக் கழகம், துப்பாக்கி இல்லாத வீடே குழந்தைக்கு மிகவும் பாதுகாப்பானது எனக் கருதுகிறது. வைத்திருப்போர் தோட்டாவை நீக்கி, துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாக்களை வேறிடத்தில் தனியே பூட்டிவைக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளின் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைப்பதைக் குற்றமாக்கும் சட்டம் முதன்முதலில் 1989இல் புளோரிடாவில் இயற்றப்பட்டது. பின்னர் பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. நினைவுத் துப்பாக்கிக்கு ஒரு வசதி உண்டு. அது பல ஆண்டுகள் பயன்படுத்தப்படப் போவதில்லை என்பதால், வெடிப்பறையை மூடும் போல்ட்டைக் கழற்றி வேறு வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வைத்துவிடலாம். அதற்குரிய தோட்டாவை அதுவரை வாங்காமலே இருக்கவும் செய்யலாம்.

இந்தியாவில்

கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் வாழும் கொடவரிடையே ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒருமுறை சுட்டு அறிவிப்பது மரபு. துப்பாக்கி அவர்களது வீட்டில் வழிவழியாக வருவது. கைல்போது விழாவில் அதற்கு மலர் சூட்டி வழிபடுவர். ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி, இந்திய அரசின் 1963ஆம் ஆண்டு அறிவிக்கையிலும் தொடர்ந்த உரிம விலக்கு, 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. இவ்விலக்கு ஓர் இனத்தாருக்கு மட்டும் காட்டப்படும் சலுகை என்று தொடுக்கப்பட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது.