தவணை என்னும் சொல்

பல்கலைக்கழகத்திற் சேர்ந்து இரண்டு மாதமே ஆன என் பேத்தி அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தாள். "அம்மப்பா, முதலாம் செமஸ்டர் முடிய இன்னும் ஏழு கிழமை இருக்கு" என்றாள். "செமஸ்டர் என்றால் என்ன, பிள்ளை?" என்று கேட்டேன். "அது எங்கட தவணைதானே" என்று கூறிவிட்டுத் தன் அலுவலைப் பார்க்கப் போய்விட்டாள். முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்த எனக்கோ அவ்விரு சொற்களும் ஒன்றுதானா என்ற ஐயம் எழுந்தது.

செமஸ்டர் என்பது இலத்தீன் வழிவந்த சொல். அம்மொழியில் ஆறு என்னும் எண்ணுப்பெயரும் மாதம் என்னும் பெயரும் கூடிப் பிறந்தது அது. அதனைக் கல்வியாண்டின் பாதிக்குப் பெயராக்கியவை ஜேர்மன் பல்கலைக்கழகங்கள். அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலத்துட் புகுந்து, அமெரிக்கக் கல்லூரிகளில் நிலைபெற்றது. ஜேர்மனியிலே குளிர்கால செமஸ்டர் ஒக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம் என்றே இன்றும் கணக்கிடப்படுகிறது. நம் நாட்டிலோ ஒரு செமஸ்டருக்குரிய விரிவுரைகள் பெரும்பாலும் 15 கிழமைகளில் முடிந்துவிடுகின்றன. ஆறு மாதம் பெயரளவில் மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஆங்கிலேயரின் பழைய சொல் 'டேர்ம்' என்பது. அதன் வேர், எல்லைக்கல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். உரோமர் எல்லைக்கல்லைத் தெய்வமாகவே போற்றினர். பெப்ரவரி 23ஆம் நாள் அதற்கு விழா. அயற்காணிக்காரர் இருவரும் தத்தம் பக்கத்திலிருந்து வந்து கல்லுக்கு மாலை சூட்டுவராம். காணியின் எல்லையைக் குறித்த சொல்லே பின்னர் காலத்தின் எல்லையையும் குறிக்கலாயிற்று.

நம் அயல்மொழியாகிய சிங்களத்தில் இதற்கு 'வாரய' என்று பெயர். முறை, தடவை என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்தது. அவ்வடசொல்லே தமிழிற் புகுந்து வாரமாகி ஏழு நாளைக் குறிக்கிறது. தமிழ்நாட்டாரோ 'பருவம்' என்பர். மழைக்கும் பயிருக்கும் உரிய சொல்லைப் படிப்புக்கும் வழங்கினர், அழகிய சொல்தான்.

நாம் ஈழத்தில் வழங்கும் தவணைக்கு மட்டும் கடன்காரனின் சாயல் உண்டு. கடனைத் திருப்பவேண்டிய நாளும் தவணை. பகுதி பகுதியாகக் கட்டும் பணமும் தவணை. இது நமக்கு மட்டும் உரியதன்று. சீனர் பள்ளித் தவணையை 'ஷுவே ச்சீ' என்பர். கற்றலுக்குரிய காலம் என்பது அதன் பொருள். அந்த 'ச்சீ' என்னும் சொல்லே, பணத்தைத் தவணை முறையிற் செலுத்துவதைக் குறிக்கும் அவர்தம் தொடரிலும் இடம்பெறுகிறது.

இச்சொல்லின் இரு பொருளையும் நான் சிறுவயதிலேயே அறிந்தவன். விடுதியில் தங்கிப் படித்த எனக்காக என் தகப்பனார் கடன் பட்டிருந்தார். ஆண்டுக்கு மூன்று தவணை எனக்கு. நெல் விற்கும்போதெல்லாம் ஒரு தவணை அவருக்கு. ஒருமுறை இரண்டாம் தவணைப் பரீட்சையிற் கணிதத்திலே தவறிவிட்டேன். அறிக்கையை நீட்டிய கை நடுங்கியது. எழுத்துக்கூட்டி வாசித்து முடித்த தகப்பனார் ஏசவில்லை. "இந்தத் தவணை தப்பினால் என்ன, தம்பி? அடுத்த தவணையிலை சேர்த்துக் கட்டுவம்" என்றார். மூன்றாம் தவணையிற் கட்டினேன்.

செமஸ்டர் மாதத்தை எண்ணுகிறது. டேர்ம் எல்லையைக் காட்டுகிறது. தவணையோ, நம் பொருட்டு யாரோ கடன் பட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பேத்தி அடுத்தமுறை வரும்போது, இரண்டும் ஒன்றல்ல என்று அவளிடம் சொல்ல எண்ணியிருக்கிறேன். அதற்கு இன்னும் ஏழு கிழமை தவணை உண்டு.